தேராச் செய்தியும் தீராப் பழியும்

தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் முன்னோருள் எழுத்தறிந்தவர் சிலரே. பால்மரக் காட்டில் பகலெல்லாம் உழைத்து வந்தவர்கள் மாலை வேளையில் கோயில் திடலிலோ கடை வாசலிலோ கூடி அமர்வர். படிக்கத் தெரிந்த ஒருவர் நாளேட்டை உரக்கப் படிப்பார், ஏனையோர் கேட்பர். ஏடு தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் செய்தி இரண்டு மூன்று நாள் பழையதாகியிருக்கும். ஆயினும் அதனைப் பற்றி நெடுநேரம் பேசுவர். "இப்படியும் நடக்குமா?" என்று ஒருவர் வியப்பார். "எழுதினவர் நேரில் பார்த்தாரா?" என்று மற்றொருவர் மடக்குவார். எழுதப் படிக்க அறியாத அம்மக்கள், செய்தியைக் கேட்கும் முறையை அறிந்திருந்தனர் என்றே கூறவேண்டும்.

இன்றைய நிலை இதற்கு நேர்மாறானது. எழுத்தறியாத பிள்ளை நம்மிடையே அரிது. கைப்பேசி இல்லாத வீடும் அரிது. உலகின் எந்த மூலையில் எது நிகழினும், அது அடுத்த நொடியே தொடக்கப்பள்ளி மாணவனின் கண்முன் வந்து நிற்கிறது. ஆனால், கூடியமர்ந்து கேட்பாரும் இல்லை. குறுக்குக் கேள்வி கேட்பாரும் இல்லை. செய்தி பெருகியது, அதனைத் தேரும் பழக்கம் அருகியது.

இந்நிலையில் ஆசிரியர்களாகிய நாம் பிள்ளைகளுக்கு எதனைக் கற்பிப்பது? "எதையும் நம்பாதே" என்று கற்பித்தால், மெய்யையும் ஏற்க மறுக்கும் மனம் உருவாகும். "பெரியோர் சொன்னால் நம்பு" என்று கற்பித்தால், பெரியோர் தவறும் நாளில் பிள்ளைக்குத் துணை இல்லாமற் போகும். நம்பிக்கையும் வேண்டும், ஐயமும் வேண்டும் என்றால், எந்தச் செய்தியை முதலில் ஐயுறுவது? இதழியல் பற்றிய வினாவாகத் தோன்றினும், அடிப்படையில் இஃது ஓர் அறவினாவே ஆகும்.

மன்னன் தேராத செய்தி

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்காத தமிழாசிரியர் இல்லை. ஊழின் வலிமை, பத்தினியின் பெருமை, அரசநீதி ஆகியவற்றை நாம் அக்காப்பியத்திலிருந்து எடுத்துக் காட்டுகிறோம். செய்தியைத் தேராமையால் விளைந்த கேட்டைப் பற்றிய காப்பியமாகவும் அதனைப் படிக்கலாம் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். ஆடல் பாடல் கண்டு மகிழ்ந்திருந்த அவையை விட்டு, தலைநோவு என்று காரணம் கூறித் தேவி ஊடிச் சென்றுவிட்டாள். அவளுடைய ஊடலைத் தணிக்க அந்தப்புரம் நோக்கி நடந்துகொண்டிருந்த மன்னனின் காலில் பொற்கொல்லன் வந்து விழுகிறான். காணாமற்போன சிலம்பைக் களவாடியவன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். மன்னன் வேறொருவரை உசாவவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவனை அழைத்து வரச் செய்து கேட்கவுமில்லை. ஒருவன் வாய்ச்சொல்லையே சான்றாகக் கொண்டு ஆணையிட்டான். கோவலன் உயிரிழந்தான்.

மன்னன் ஏன் நம்பினான்? பொற்கொல்லன்மீது கொண்ட பேரன்பினால் அன்று. சிலம்பு மீண்டும் கிடைத்தால் தேவியின் உள்ளம் குளிரும்; மன்னனுக்கு அவ்வேளையில் வேண்டியிருந்தது அதுவே. வேண்டிய செய்தி, வேண்டிய வேளையில், வேண்டிய வடிவில் வந்து சேர்ந்தது. உவப்பான செய்திக்கு உரைகல் தேடுவோர் அரியர். அவ்வொரு நொடியின் தேராமை ஒரு குடும்பத்தை அழித்தது. ஓர் அரசனை அழித்தது. மதுரை மாநகரையும் தீக்கு இரையாக்கியது.

இத்தகைய பிழைக்கு மருந்து நம் இலக்கியத்திலேயே உள்ளது. திருக்குறளில் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொற்கள் ஒத்திருந்தால், அதன் பிறகே தெளிய வேண்டும் என்றும் வரையறுக்கிறார். இன்று ஒரு நல்ல நாளேட்டின் ஆசிரியர் தம் செய்தியாளரிடம் வற்புறுத்துவதும் ஏறத்தாழ இதுவே. வள்ளுவர் இதனை வேந்தனுக்குச் சொன்னார். மக்களாட்சியில் வாக்குரிமை பெற்ற ஒவ்வொருவரும் ஓரளவு வேந்தரே. கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தொட்டு நூறு பேருக்குச் செய்தி அனுப்பும் சிறுவனும், தான் அறியாமலேயே, ஆணையிடும் இடத்தில் அமர்ந்திருக்கிறான். ஆகவே, வேந்தனுக்கு உரைத்த விதி இன்று அவனுக்கும் உரியதாகிறது.

ஏடுகளே பள்ளியாக

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் ஏடுகள் வெறும் செய்தித் தாள்களாக மட்டும் இருந்ததில்லை. 1887ஆம் ஆண்டில் மகுதூம் சாயபு அவர்களை ஆசிரியராகக் கொண்டு வெளிவரத் தொடங்கிய 'சிங்கைநேசன்' முதல், 1924இல் கோலாலம்பூரில் தோன்றி 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நின்றுபோன 'தமிழ் நேசன்' வரை, அவை புலம்பெயர்ந்த ஒரு சமூகத்தின் பள்ளிகளாக விளங்கின. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வெளிவந்துகொண்டிருக்கிறது. 1950களில் அவ்வேடு மாணவர்க்கென நடத்திய மாணவர் மணிமன்றம் பலருடைய கையில் எழுதுகோலைக் கொடுத்தது. அவருள் பலர் பின்னாளில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் திகழ்ந்தனர்.

அப்பக்கங்கள் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்தன. ஏட்டைப் படிக்கக் கற்பிப்பது வேறொரு பணி. அப்பணி பள்ளிக்கு உரியது என்பதை உலகம் உணர்ந்ததும் அண்மைக் காலத்திலேயே. 1982ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அன்றைய மேற்கு செருமனியில் உள்ள குருன்வால்ட் என்னும் ஊரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் பத்தொன்பது நாடுகளின் பேராளர்கள் கூடினர். தொடர்புச் சாதனங்களின் ஆற்றலைப் புகழ்வதாலோ பழிப்பதாலோ பயனில்லை. அவற்றை ஆய்ந்து அறியும் திறனைப் பள்ளிகள் வளர்க்க வேண்டும் என்று அவர்கள் அறிக்கை விடுத்தனர். அப்போது அவர்கள் கண்முன் இருந்தவை அச்சும் வானொலியும் தொலைக்காட்சியும் திரைப்படமுமே. அவர்தம் கவலை இன்று பன்மடங்கு பொருந்துகிறது.

வகுப்பறையில் இதனை எவ்வாறு தொடங்குவது? பெருஞ்செலவு வேண்டியதில்லை, ஒரு நாளேடும் மூன்று வண்ணப் பென்சில்களும் போதும். ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, செய்தியாளர் தாமே கண்டவற்றை ஒரு வண்ணத்தாலும், பிறர் சொல்லக் கேட்டவற்றை மற்றொரு வண்ணத்தாலும், கருத்தாக உரைத்தவற்றை மூன்றாம் வண்ணத்தாலும் மாணவர் கோடிடட்டும். நாம் 'செய்தி' என்று நம்பியதில் கண்டது எவ்வளவு, கேட்டது எவ்வளவு, கருதியது எவ்வளவு என்பது அப்போது தானே புலப்படும். அதன்பின் ஒரே ஒரு வினாவை எழுப்ப வேண்டும்: "இச்செய்தியில் யாரிடம் கேட்கவில்லை?" வண்ணம் தீட்ட இயலாத வெற்றிடமும் செய்தியின் ஒரு பகுதியே என்பதை மாணவர் இவ்வினாவால் உணர்வர்.

புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் பாடிய பாட்டின் முதலடியை மேடைதோறும் முழங்குகிறோம். உலகக் குடிமைக்கு நம் முன்னோர் அளித்த சாசனம் என்று பெருமிதம் கொள்கிறோம். அப்பாட்டின் முடிவை அவ்வளவாக நினைப்பதில்லை. பெரியோரைக் கண்டு வியந்து நிற்பதும் இல்லை. சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்பது அம்முடிவின் கருத்து. இதனை ஒரு செய்தி ஆசிரியரின் மேசைமீது எழுதி வைக்கலாம். எவரை வியந்து முதற்பக்கத்தில் ஏற்றுகிறோம், எவரை ஒரு வரியில் ஒதுக்குகிறோம் என்பதில்தான் உலகக் குடிமை சோதிக்கப்படுகிறது.

புகைமூட்டம் புகட்டும் பாடம்

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு உலகக் குடிமையைக் கற்பிக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சன்னலைத் திறந்தால் போதும். சில ஆண்டுகளில் அதனைத் திறக்கவும் இயலாது. புகைமூட்டம் நாம் அனைவரும் அறிந்ததே. 1997ஆம் ஆண்டில் சரவாக்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐக் கடந்து, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 300ஐக் கடந்தாலே பெருந்தீங்கு என்பது அக்குறியீட்டின் கணக்கு.

அதன் பின்னர் சில ஆண்டுகள் மலேசியாவில் அக்குறியீட்டெண்கள் பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. சுற்றுலாத் துறைக்கு ஊறு நேரும் என்ற அச்சம் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்ட வேளையில்தான் அவ்வெண்கள் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தன. ஓர் எண் மறைக்கப்பட்டபோதும் புகை மறையவில்லை. மூச்சுத் திணறும் பிள்ளையைத் திடலுக்கு அனுப்பலாமா, வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று தாய் அறிந்துகொள்ளும் வழி மட்டுமே மறைந்தது. செய்தி என்பது பொழுதுபோக்கன்று, உயிர்க்காப்பு என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2015ஆம் ஆண்டில் புகைமூட்டம் மீண்டும் கடுமையாயிற்று. செப்டம்பர் 25ஆம் நாள் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன. மலேசியாவிலும் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. நம் ஏடுகளின் தலைப்புகள் நம் நகரங்களின் எண்களையே தாங்கி வந்தன. அதே காலத்தில் களிமந்தானில் உள்ள பாலங்காராயா நகரில் காற்றின் குறியீடு 2000ஐக் கடந்தது. அந்நகரிலும் பள்ளிப்பிள்ளைகள் இருந்தனர். அவர்கள் நம் செய்தியில் 'புகை வரும் திசை'யாக மட்டுமே இருந்தனர். மூச்சுவிடும் மக்களாக இடம்பெற்றது அரிது. "இச்செய்தியில் யாரிடம் கேட்கவில்லை?" என்ற வினாவுக்கு விடை இதுவே.

புகையின் காரணத்தை ஆராய்ந்தால் வினா நம் பக்கம் திரும்புகிறது. சுமத்திராவிலும் களிமந்தானிலும் மக்கிய தழைகளால் ஆன ஆழமான சதுப்புநிலங்கள் உள்ளன. செம்பனை முதலியவற்றைப் பயிரிட அவற்றில் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கின்றனர். நீர் வடிந்த நிலம் உலர்கிறது, மண்ணே எரிபொருளாகிறது. காட்டை அழிக்க மலிவான வழி தீ வைப்பது. அத்தீ நிலத்துக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தீ மூண்ட நிலங்களுள் சில மலேசிய, சிங்கப்பூர் முதலீடு கொண்ட நிறுவனங்களுடன் தொடர்புடையவை என்னும் செய்திகளும் வந்தன. செம்பனை எண்ணெயோ நம் அடுப்பங்கரையில் இருக்கிறது. சவர்க்காரத்திலும் ரொட்டியிலும் இருக்கிறது.

எல்லை கடக்கும் புகையைத் தடுக்க ஆசியான் நாடுகள் 2002இல் கோலாலம்பூரில் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதற்கு 2014இல் ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டில் சிங்கப்பூர், அயல்நாட்டில் தீ மூட்டித் தன் காற்றைக் கெடுக்கும் நிறுவனங்கள்மீதும் வழக்குத் தொடுக்க வகைசெய்யும் சட்டத்தை இயற்றியது. அரசுகள் தம் கடமையைச் செய்யட்டும். பிள்ளைகள் அறிய வேண்டியது, இக்கதையில் 'அவர்கள்' என்று ஒரு சாராரும் 'நாம்' என்று மறுசாராரும் தெளிவாகப் பிரிந்து நிற்கவில்லை என்பதே. புகையின் ஒரு முனை அங்கிருக்கிறது. மறுமுனை நம் வாணலியில் இருக்கிறது.

பனி படிந்த மலை

இவ்வளவும் எழுதும் நான் இதனைக் கற்றது நூல்களிலிருந்து அன்று, என் பிழையிலிருந்து.

அவ்வாண்டுப் புகைமூட்டத்தின்போது, பெற்றோர்க்கென அமைந்த புலனக் குழுவில் நான் ஒரு படத்தைப் பகிர்ந்தேன். கையில் தீப்பந்தத்துடன் ஒரு குடியானவர் நிற்கிறார்; பின்னால் புதர்கள் எரிகின்றன. 'நம் காற்றைக் கெடுப்போர் இவர்களே' என்று அதன் கீழ் எழுதப்பட்டிருந்தது. யார் எடுத்த படம், எங்கே, எப்போது என்று நான் கேட்கவில்லை. மூன்று நாள்களாக இருமிக்கொண்டிருந்த என் மகளை எண்ணி எனக்குச் சினம் மூண்டிருந்தது. அச்சினத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. படம் அதைத் தந்தது.

பள்ளி திறந்த நாளில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி என் மேசையருகே வந்தாள். தன் தாயின் கைப்பேசியில் அப்படத்தைக் கண்டதாகச் சொன்னாள். "ஐயா, அந்த ஆளுக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. அதன் உச்சி வெள்ளையாக இருக்கிறது. சுமத்திராவில் பனி விழுமா, ஐயா?" என்று கேட்டாள்.

நான் படத்தை மீண்டும் பார்த்தேன். புகைக்கு மேலே பனி படிந்த மலை தெளிவாகத் தெரிந்தது. அது வேறேதோ நாட்டின் படம். யாரோ ஓர் ஏழை உழவர், யாருக்கும் தீங்கு எண்ணாமல், தம் நிலத்தின் களையை எரித்துக்கொண்டிருந்திருக்கலாம். என் கண்கள் அம்மலையைப் பார்த்தும் காணாமல் விட்டதேன்? பாண்டியனைப் போல் எனக்கும் வேண்டிய செய்தி வேண்டிய வேளையில் வந்தது. நான் தேரவில்லை.

அன்று மாலையே குழுவில் என் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதினேன். அதற்குள் அப்படம் பலருடைய கைகளுக்குச் சென்றுவிட்டது; எங்கள் வட்டாரத்துத் தோட்டத்தில் வேலை செய்த இந்தோனேசியத் தொழிலாளர்களைப் பழிக்கும் சொற்களும் உடன் சேர்ந்திருந்தன. வறுமையால் கடல் கடந்து வந்து, பிறர் நிலத்தில் உழைத்து, ஊராரின் ஏச்சைக் கேட்டு நிற்பவர்கள் அவர்கள். நேற்று அவ்விடத்தில் நின்றவர்கள் நம் பாட்டன்மார். படத்தை அனுப்பியவர் பலர்; என் திருத்தத்தை அனுப்பியவர் இருவர் மட்டுமே. பொய்க்கு இருந்த கால்கள் திருத்தத்துக்கு இல்லை.

ஐயத்தின் முறை

இதற்கு மறுப்புகளும் உண்டு. ஐயுறக் கற்ற பிள்ளை ஆசிரியரையும் பெற்றோரையும் மதிக்காது என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. எல்லாவற்றையும் எள்ளி நகைப்பதே அறிவு என்று எண்ணும் இளைஞரையும் நாம் காண்கிறோம். 'எல்லா ஏடும் பொய்' என்பவன் ஆராய்ந்து அம்முடிவுக்கு வந்தவனல்லன். ஆராயும் உழைப்பிலிருந்து தப்பியவன். எல்லாவற்றையும் நம்புபவனுக்கும் அவனுக்கும் சோம்பல் ஒன்றே. என் மேசையருகே வந்து நின்ற அம்மாணவி என்னை அவமதிக்கவில்லை. படத்தைக் கூர்ந்து நோக்கியதும், தயங்கியேனும் வந்து கேட்டதும் அவள் எனக்குச் செய்த மரியாதை என்றே கருதுகிறேன்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பது மற்றொரு கருத்து. மலேசியா 2018இல் பொய்ச்செய்தித் தடைச் சட்டம் ஒன்றை இயற்றியது; 2019இல் நாடாளுமன்றம் அதனை நீக்க முடிவு செய்தது. சிங்கப்பூர் 2019இல் இணையவழிப் பொய்யுரைகளுக்கு எதிரான சட்டத்தை இயற்றியது. இத்தகைய சட்டங்கள் தேவை என்போரும், பேச்சுரிமையைக் குறுக்கும் என்போரும் உளர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும் ஒன்று மாறாது: சட்டம் சொல் வெளிப்பட்ட பின்னரே வருகிறது, விரல் பொத்தானைத் தொடுவதற்கு முந்தைய நொடியில் உடன் இருப்பது மனச்சான்று மட்டுமே. அந்நொடிக்கு மாணவனைப் பழக்குவது ஆசிரியரின் பணி.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். நமக்கு உவப்பான செய்தியையே முதலில் ஐயுற வேண்டும். நம் சினத்துக்குத் தீனியாகும் செய்தி, நம் இனத்தையும் நாட்டையும் உயர்த்திப் பிறரைத் தாழ்த்தும் செய்தி, நம்மேல் பழியில்லை என்று ஆறுதல் கூறும் செய்தி ஆகியவற்றுக்கே இரண்டாம் ஒற்றனும் மூன்றாம் ஒற்றனும் தேவை. பகைவனைப் பற்றிய நற்செய்தியை நாம் தானாகவே ஆயிரம் முறை ஆராய்வோம். அதற்குப் பயிற்சி வேண்டியதில்லை. நம்மைச் சுடும் மெய்யைக் கேட்கும் செவியும் நம்மை மகிழ்விக்கும் பொய்யைத் தடுக்கும் கையும் உடையவனே உலகக் குடிமகன்.

பாண்டியன் ஒன்றில் நமக்கு ஆசான். கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது, அவன் பொற்கொல்லனைப் பழிக்கவில்லை, ஊழின்மேலும் சாட்டவில்லை. பழி முழுவதையும் தானே ஏற்றான். ஆயினும் கோவலன் மீளவில்லை. நமக்கோ திருத்தம் எழுத நேரம் இருக்கிறது.

என் வகுப்பின் பின்சுவரில் இப்போது ஒரு பலகை உள்ளது. அதன் தலைப்பு 'திருத்தம்'. ஆசிரியரோ மாணவரோ தவறான செய்தியைச் சொல்லியிருந்தால், மறுநாள் தம் கையாலேயே அதில் எழுத வேண்டும். முதலில் எழுதப்பட்டது என் பெயர். அதன் கீழே, சுமத்திராவில் பனி விழாது என்று எழுதியிருக்கிறேன்.